எந்தப் பிரச்சினையை முதலில் எடுப்பது? மருத்துவமனைத் தரக் குழுவுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வேலூரில் மே மாதம் என்றால் காலை பத்து மணிக்கே ஓ.பி. வரிசை போர்டிகோவைத் தாண்டி வெயிலுக்கு வந்துவிடும். அந்த மாதத்தில் தரக் கூட்டம் போட்டால் எல்லோர் வாயிலும் ஒரே பிரச்சினைதான்: காத்திருப்பு. அதே கூட்டத்தை மழைக்காலத்தில் போட்டுப் பாருங்கள். காய்ச்சல் வார்டில் கட்டில் இல்லை என்பது முதலிடத்துக்கு வந்துவிடும். நேற்று யார் சண்டை போட்டார்களோ, எது கண்ணில் பட்டதோ, அதுவே இன்றைய முதல் பிரச்சினை. பெரும்பாலான மருத்துவமனைகளில் முன்னுரிமை இப்படித்தான் முடிவாகிறது.

நான் ஸ்டாஃப் நர்ஸாகத் தொடங்கி, இப்போது காட்பாடிப் பக்கம் தரப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் காத்திருப்பைக் குறைக்கிறோம் என்று ஆறு வாரம் உழைத்தோம். டாக்டர் அறை வாசலில் டோக்கன் பலகை வைத்தோம், நாற்காலி போட்டோம், வரிசையைப் பிரித்தோம். எல்லாம் முடிந்தபிறகு ஒரு பயிற்சி மாணவி கைக்கடிகாரத்தோடு நோயாளிகளின் பின்னாலேயே நடந்து, எங்கே எத்தனை நிமிடம் போகிறது என்று குறித்து வந்தாள். டாக்டர் வாசலில் போன நேரம் கொஞ்சம்தான். மருந்து கவுன்டரில்தான் பாதிப் பகல் போயிருந்தது. நாங்கள் செய்ததெல்லாம் வரிசையை ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்கு வேகமாக அனுப்பி வைத்ததுதான். அந்த ஆறு வாரத்தை நினைத்தால் இன்னமும் கூச்சமாக இருக்கிறது.

தர மேம்பாட்டுப் புத்தகத்தைத் திறந்தால் பாரெட்டோ, மீன்முள், எஃப்.எம்.இ.ஏ., மேட்ரிக்ஸ் என்று கருவிகள் வரிசையாக நிற்கும். எந்தக் கருவி எப்போது என்ற கேள்விக்குத்தான் பல இடங்களில் தெளிவான பதில் கிடைப்பதில்லை. என் அனுபவத்தில், கருவியைத் தீர்மானிப்பது உங்கள் கையில் இருக்கும் தகவல்தான். எண்ணிக்கை இருந்தால் ஒரு கருவி, வெறும் அபிப்பிராயம் இருந்தால் வேறு கருவி, எப்போதோ ஒருமுறை நடந்தாலும் உயிரை எடுக்கக்கூடியது என்றால் அதற்குத் தனிக் கருவி. இதை மனதில் வைத்துக்கொண்டு படிப்படியாகப் போகலாம்.

முதல் படி: பிரச்சினையைப் பிரச்சினையாக எழுதுங்கள்

குழுவை உட்காரவைத்து, "என்ன பிரச்சினை?" என்று கேட்டால் வரும் பதில்களில் பாதி பிரச்சினையே இல்லை. "ஆள் போதாது", "பிரிண்டர் வாங்கித் தர மாட்டேன் என்கிறார்கள்", "சாஃப்ட்வேர் சரியில்லை". இவை தீர்வுகள் அல்லது மனக்குறைகள். இவற்றை அப்படியே முன்னுரிமைப் பட்டியலில் போட்டால், எந்தக் கருவியை எடுத்தாலும் கடைசியில் "ஆள் போதாது" என்பதே ஜெயிக்கும். கூட்டம் மேலிடத்துக்கு ஒரு மனு எழுதுவதோடு முடிந்துவிடும்.

ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வி கேளுங்கள்: இதனால் நோயாளிக்கு என்ன ஆகிறது? பிரிண்டர் இல்லாததால் ரத்த மாதிரிக் குழாயில் பெயரைக் கையால் எழுதுகிறார்கள், எழுத்து அழிகிறது, ஒருவரின் ரிப்போர்ட் இன்னொருவருக்குப் போகிறது. ஆக, பிரச்சினை "ரத்த மாதிரியில் பெயர் மாறுதல்". பிரிண்டர் அதற்கு ஒரு தீர்வாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எங்கே, யாருக்கு, எந்தக் கட்டத்தில் நடக்கிறது என்ற மூன்றும் ஒரு வரியில் வந்துவிட்டால் போதும். "லேபர் வார்டில் இரவு ஷிஃப்டில் பார்ட்டோகிராம் (பிரசவ முன்னேற்றத்தைக் குறிக்கும் வரைபடம்) பாதியில் நிற்கிறது" என்பது நல்ல வரி. "ஆவணப்படுத்தலில் குறைபாடு" என்பது ஆடிட் ரிப்போர்ட்டுக்குத்தான் ஆகும்.

இரண்டாம் படி: ரெஜிஸ்டரைத் திறந்து பாருங்கள்

கருவிக்குப் போவதற்கு முன் ஒரு நாள் எடுத்து, உங்களிடம் ஏற்கெனவே என்ன எழுதிக் கிடக்கிறது என்று பாருங்கள். லேப்பில் நிராகரித்த மாதிரிகளின் ரெஜிஸ்டர், மேல்சிகிச்சைக்கு அனுப்பிய ரெஃபரல் ரெஜிஸ்டர், சம்பவ அறிக்கைகள், புகார்ப் பெட்டி, பார்மசியில் 'இருப்பு இல்லை' என்று திருப்பியனுப்பிய இன்டென்ட்டுகள், அதாவது வார்டின் மருந்துக் கோரிக்கைச் சீட்டுகள். புதிதாகக் கணக்கெடுக்கும் முன், எழுதிவைத்ததைப் படிப்பதே பாதி வேலை.

ஒன்றைக் கவனியுங்கள். எங்கள் பக்கத்தில் நோயாளி எந்த ஊரிலிருந்து வந்தார் என்பதைப் பிரித்துப் பார்த்தால் கணக்கே மாறிவிடும். 2019ல் பழைய வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்தது. நோயாளிகள் பிரியவில்லை, ஆம்பூரிலிருந்தும் வாலாஜாவிலிருந்தும் இன்னும் வேலூருக்குத்தான் பஸ் ஏறுகிறார்கள். (என் அப்பா இன்றும் முகவரியில் 'வட ஆற்காடு' என்றுதான் எழுதுவார்.) சித்தூர்ப் பக்கத்திலிருந்து தெலுங்கு, பேரணாம்பட்டு, மேல்விஷாரத்திலிருந்து உருது, அதற்கும் மேல் வங்காளத்திலிருந்து ரயிலில் வருபவர்கள். மருந்து சாப்பிடும் முறை புரியாமல் திரும்பி வந்தவர்களை மொழிவாரியாகப் பிரிக்காமல் மொத்தமாக எண்ணினால், பிரச்சினை 'நோயாளியின் அலட்சியம்' போலத் தெரியும். பிரித்து எண்ணினால் யாருடைய அலட்சியம் என்று தெரிந்துவிடும்.

மூன்றாம் படி: கையில் இருப்பதற்கேற்ற கருவி

கையில் எண்ணிக்கை எதுவும் இல்லை, அபிப்பிராயம் மட்டும்தான் என்றால்

இந்த நிலையில் நேராக விவாதத்தைத் தொடங்கிவிடாதீர்கள். நம் ஊர்க் கூட்டங்களில் டாக்டர் முதலில் வாயைத் திறந்தால் கதை அங்கேயே முடிந்தது. மேட்ரன், "ஆமாம் சார்" என்பார், சிஸ்டர்கள் தலையாட்டுவார்கள், ஹவுஸ்கீப்பிங் அம்மா கதவோரம் நின்றபடி எதுவும் பேசமாட்டார். சாக்கடை எங்கே அடைக்கிறது, எந்தக் கழிப்பறைக்குப் போகப் பயந்து நோயாளிகள் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

இதற்காகவே உள்ளது நாமினல் குரூப் டெக்னிக். டெல்பெக், வான் டி வென் என்ற இருவர் 1971ல் விவரித்த முறை. செய்வது எளிது. முதல் ஐந்து பத்து நிமிடம் யாரும் பேசக்கூடாது, எல்லோரும் தங்களுக்குத் தெரிந்த பிரச்சினைகளைத் தாளில் எழுத வேண்டும். எழுத வராதவர் இருந்தால், கூட்டத்துக்கு முன்பே தனியாகக் கேட்டு நீங்கள் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வரிசையாக ஆளுக்கு ஒன்றாகச் சொல்ல, ஒருவர் சார்ட் பேப்பரில் எழுதுவார். இந்தச் சுற்றில் விமர்சனம் கிடையாது. பட்டியல் தீர்ந்தபிறகு புரியாததை விளக்கி, ஒரே பிரச்சினை இரண்டு பெயரில் வந்திருந்தால் சேர்த்துவிட்டு, ஓட்டெடுப்புக்குப் போகலாம். சொல்லும் சுற்றில் டாக்டரின் முறை கடைசியில் வரட்டும். பதினெட்டுப் பிரச்சினை இருந்தால் ஆளுக்கு ஆறு ஓட்டு, அதாவது மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு என்பது நடைமுறைக் கணக்கு.

ஓட்டுக்கு நாங்கள் ஸ்டிக்கர் பொட்டு பயன்படுத்திப் பார்த்தோம். லாங் பஜாரில் ஓர் அட்டை வாங்கினால் ஒரு வருடத்துக்குப் போதும், கூட்டமும் கலகலப்பாக இருக்கும். ஆனால் ஒரு சங்கடம். முதல் நாலு பொட்டு எங்கே விழுகிறதோ அங்கேயே மற்றவர்களும் ஒட்டுகிறார்கள். மூத்தவர்கள் இருக்கும் குழு என்றால் மடித்த சீட்டே மேல்.

பிரச்சினைகள் ஐந்தாறுதான், எல்லாமே முக்கியமாகத் தெரிகிறது என்றால் இரண்டிரண்டாக எடுத்து, "இதுவா அதுவா?" என்று கேட்டு முடிக்கலாம். ஐந்து பிரச்சினைக்குப் பத்து ஒப்பீடு. பத்துப் பிரச்சினைக்கு நாற்பத்தைந்து ஆகிவிடும், அதற்குள் டீ ஆறிவிடும். எனவே சிறிய பட்டியலுக்கு மட்டும்.

கையில் எண்ணிக்கை இருந்தால்

இங்கேதான் பாரெட்டோ வரைபடம். நிலம் எல்லாம் சிலர் கையிலேயே குவிந்துகிடப்பதைக் கவனித்த இத்தாலியப் பொருளாதார அறிஞர் வில்ஃபிரெடோ பாரெட்டோவின் பெயரை, தரவியல் நிபுணர் ஜோசப் ஜுரான் எடுத்து இதற்கு வைத்தார். பெரும்பாலான கோளாறுகள் ஒரு சில காரணங்களிலிருந்தே வருகின்றன என்பது சாரம். எண்பது சதவீதக் கோளாறு இருபது சதவீதக் காரணங்களிலிருந்து வரும் என்பதைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், சில இடங்களில் அப்படி அமையவே அமையாது.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். எண்கள் முறை புரிவதற்காக நான் எழுதியவை. லேப் நிராகரித்த ரத்த மாதிரிகள் 200 என்று வைத்துக்கொள்வோம். உறைந்துபோனவை 84, அளவு குறைந்தவை 52, செல் உடைந்து சிவந்துபோனவை, அதாவது ஹீமோலைசிஸ், 38, பெயர் மாறியவை 12, மற்றவை 14. பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, 'மற்றவை'யை எப்போதும் கடைசியில் வைத்து, சதவீதத்தைக் கூட்டிக்கொண்டே வாருங்கள்: 42, 68, 87, 93, 100. முதல் மூன்று காரணங்களிலேயே 87 சதவீதம் அடங்கிவிட்டது. இந்த மூன்றும் ரத்தம் எடுக்கும் கையோடு சம்பந்தப்பட்டவை. ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுத்தவுடன் எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தாவிட்டால் உறையும். கேனுலா வழியே இழுத்தாலோ, ஸ்பிரிட் காய்வதற்கு முன் குத்தினாலோ, சிரிஞ்சிலிருந்து வேகமாகத் தள்ளினாலோ செல் உடையும். நீல மூடிக் குழாயில் உறையாமல் தடுக்கும் மருந்து ஒரு பங்குக்கு ரத்தம் ஒன்பது பங்கு இருக்க வேண்டும், குறைந்தால் முடிவு தவறும். ஒரே பயிற்சியில் மூன்றையும் தொட்டுவிடலாம். பாரெட்டோ அழகாக வேலை செய்துவிட்டது.

செய்ததா? 'பெயர் மாறியவை 12' என்பதை மறுபடி பாருங்கள். வெறும் ஆறு சதவீதம். வரைபடத்தில் அது வாலில் ஒரு குட்டிக் கட்டம். உறைந்த மாதிரி என்றால் மறுபடி ஒரு குத்து, நோயாளி முகம் சுளிப்பார், அவ்வளவுதான். பெயர் மாறிய மாதிரி ரத்த வங்கிக்குப் போனால் ஓ பாசிட்டிவ் ஆளுக்கு ஏ பாசிட்டிவ் ஏறும். அதோடு, இந்த 12 என்பது லேப்பில் பிடிபட்டவை. பிடிபடாமல் போனவை எத்தனை என்று எந்த ரெஜிஸ்டரிலும் இருக்காது.

பாரெட்டோ எண்ணிக்கையைத்தான் அடுக்கும், ஆபத்தை அடுக்காது. மருத்துவமனைகளில் இந்த ஒரு கருவியை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குபவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும்.

அரிதாக நடக்கும், நடந்தால் உயிர் போகும் என்றால்

எஃப்.எம்.இ.ஏ. (ஃபெயிலியர் மோட் அண்ட் எஃபெக்ட்ஸ் அனாலிசிஸ்) என்ற முறை 1940களின் கடைசியில் அமெரிக்க ராணுவத்தில் தொடங்கி, விண்வெளிக்கும் கார்த் தொழிற்சாலைக்கும் போய், பிறகு மருத்துவமனைக்கு வந்தது. ஒரு வேலை எந்தெந்தக் கட்டத்தில் எப்படியெல்லாம் தவறிப்போகலாம் என்று முன்கூட்டியே யோசித்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று மதிப்பெண் போடுவது: எவ்வளவு கடுமை, எவ்வளவு அடிக்கடி, கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம். ஒவ்வொன்றும் ஒன்றிலிருந்து பத்து. மூன்றையும் பெருக்கினால் ஆபத்து எண்.

நம் கணக்கில் உறைந்த மாதிரிக்குக் கடுமை 4, நிகழ்வு 8. லேப்பில் பார்த்தவுடன் தெரிந்துவிடும் என்பதால் கண்டுபிடிக்கும் கஷ்டம் 2. ஆக 64. பெயர் மாறியதற்குக் கடுமை 10, நிகழ்வு 3, கண்டுபிடிக்கும் கஷ்டம் 8. ஆக 240. பாரெட்டோவில் வாலில் இருந்தது இங்கே தலைக்கு வந்துவிட்டது. இரண்டு கருவியும் பொய் சொல்லவில்லை, நாம் கேட்ட கேள்விதான் வேறு.

நம் ஊரில் பெயர் மாறுவதற்கு ஒரு தனி வசதியும் இருக்கிறது. குடும்பப் பெயர் கிடையாது. ஒரு பிரசவ வார்டில் இரண்டு செல்வி, மூன்று லட்சுமி இருப்பது சாதாரணம். கணவர் பெயரின் முதல் எழுத்தும் ஒன்றாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். "செல்வி யாரும்மா?" என்று வாசலில் நின்று கூப்பிட்டால் தூக்கக் கலக்கத்தில் யார் வேண்டுமானாலும் கை தூக்குவார்கள். பெயரும் மருத்துவமனை எண்ணும் என்று இரண்டு அடையாளம் பார்க்க வேண்டும் என்ற விதி உலகெங்கும் உண்டு. கட்டில் எண் அதில் சேராது, கட்டில் மாறிக்கொண்டே இருக்கும்.

மதிப்பெண் போடும்போது இரண்டு எச்சரிக்கை. ஒன்று, குழுவில் அந்த வேலையைக் கையால் செய்பவர் இருந்தே ஆக வேண்டும். நிர்வாக அறையில் உட்கார்ந்து போடும் 'நிகழ்வு 3' நைட் டியூட்டி சிஸ்டருக்கு 7ஆக இருக்கும். இரண்டு, பெருக்கல் தொகையைக் கண்மூடி நம்பாதீர்கள். கடுமை 10, நிகழ்வு 2, கஷ்டம் 2 என்றால் 40தான். கடுமை 4, நிகழ்வு 5, கஷ்டம் 4 என்றால் 80. அதற்காக உயிர் போகும் விஷயத்தைப் பின்னால் தள்ள முடியுமா? கடுமை 9 அல்லது 10 வந்தால் மொத்தம் என்னவானாலும் அதைத் தனியாக எடுத்துப் பேச வேண்டும் என்று குழுவில் முன்பே விதி வைத்துவிடுங்கள்.

ஒரு வட்டாரம் முழுவதற்கும் யோசிப்பதாக இருந்தால்

ஆரம்ப சுகாதார நிலையம், வட்டார மருத்துவக் குழு என்றால் கேள்வியே வேறு. அணைக்கட்டு ஒன்றியத்தில் கர்ப்பிணிகளின் ரத்தசோகையா, மலைக் கிராமங்களிலிருந்து பாம்புக்கடி நோயாளி தாமதமாக வந்து சேருவதா, சர்க்கரை மாத்திரையைப் பாதியில் நிறுத்துபவர்களா என்று முடிவு செய்ய ஹான்லன் முறை பொருந்தும். பிரச்சினையின் அளவுக்கு ஒரு மதிப்பெண், கடுமைக்கு ஒன்று, நாம் செய்யக்கூடிய வேலை எவ்வளவு பலன் தரும் என்பதற்கு ஒன்று, எல்லாம் பத்துக்குள். கடுமையை இரண்டால் பெருக்கி அளவோடு கூட்டி, அதைப் பலனால் பெருக்க வேண்டும்.

மறுபடியும் மாதிரி எண்கள்தான். ரத்தசோகைக்கு அளவு 8, கடுமை 6, பலன் 7 என்றால், 8ம் 12ம் சேர்ந்து 20, அதை 7ஆல் பெருக்க 140. பாம்புக்கடிக்கு அளவு 2, கடுமை 10, பலன் 5 என்றால் 22 பெருக்கல் 5, அதாவது 110. மலைக்குச் சாலை வந்துவிட்டால் பலன் 5 என்பது 8 ஆகும், பாம்புக்கடி 176 என்று முந்திக்கொள்ளும். ஆகவே இந்தக் கணக்கை வருடம் ஒருமுறையாவது திரும்பப் போட வேண்டும். இது நம் வேலைதானா, பணம் இருக்கிறதா, மக்கள் ஏற்பார்களா, ஆட்கள் உண்டா, சட்டம் இடம் தருமா என்ற ஐந்து கேள்விகளும் இதோடு சேர்ந்தே வரும். ஒன்றுக்கு இல்லை என்றாலும் அந்தப் பிரச்சினை இப்போதைக்கு ஓரமாகப் போகும்.

நான்காம் படி: ஜெயித்தவற்றை உழைப்பு, பலன் கட்டத்தில் போடுங்கள்

முதல் மூன்று நான்கு பிரச்சினைகள் வந்தபிறகு நான்கு கட்டம் வரைந்து, எதற்குப் பலன் அதிகம், எதற்கு உழைப்பு குறைவு என்று வைத்துப் பாருங்கள். இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதல் முறையாக வேலை செய்யும் குழுவுக்கு, குறைந்த உழைப்பில் பலன் தெரிவதையே கொடுங்கள். ஒரு தடவை ஜெயித்தபின் கடினமானதைக் கேட்டால் தட்டமாட்டார்கள். இந்தக் கட்டத்தை முதலிலேயே போட்டால் மட்டும் ஆபத்து, எளிதானதெல்லாம் முக்கியமானதாகிவிடும்.

மீன்முள் வரைபடமும், ஐந்து முறை 'ஏன்' கேட்பதும் முன்னுரிமைக் கருவிகள் அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவை தேர்ந்தெடுத்த பிரச்சினையின் காரணத்தைத் தேடுபவை. பயிற்சி முடித்து வரும் குழுக்கள் ஆர்வத்தில் முதல் கூட்டத்திலேயே மீன் வரைந்துவிடுகின்றன. மீன் நன்றாகத்தான் இருக்கும், எந்தக் குளத்தில் பிடித்தது என்று கேட்டால் பதில் இருக்காது.

தரச்சான்றுக்கான இடைவெளிப் பட்டியலை என்ன செய்வது?

அரசு மருத்துவமனைகளில் இருப்பவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. தேசியத் தர உறுதித் தரநிலைகள் 2013லிருந்தும், தூய்மைக்கான காயகல்ப் 2015லிருந்தும், பிரசவ அறைக்கான லக்ஷ்யா 2017லிருந்தும் இருக்கின்றன. மதிப்பீட்டில் ஒவ்வொரு புள்ளிக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண். முடிவில் பல பக்கங்களுக்கு இடைவெளிகள், அதாவது தரத்தை எட்டாத இடங்கள், கிடைக்கும். பலரும் மேலிருந்து வரிசையாக மூடத் தொடங்குகிறார்கள், அல்லது சீக்கிரம் மதிப்பெண் ஏறுவதை, அதாவது போர்டு எழுதுவது, போஸ்டர் ஒட்டுவது போன்றவற்றை முதலில் முடிக்கிறார்கள். மதிப்பெண் ஏறும், பிரசவ அறையில் கை கழுவ சோப்பு இருக்காது.

நான் செய்வது இது. பூஜ்ஜியம் வாங்கியவற்றை மட்டும் தனியே எடுத்து, நோயாளிக்கு நேரடி ஆபத்து உள்ளவை, வார்டு அளவிலேயே முடிக்கக்கூடியவை, மேலிடத்தின் பணமோ உத்தரவோ தேவைப்படுபவை என்று மூன்று கட்டாகப் பிரிப்பேன். முதல் கட்டுக்கு எஃப்.எம்.இ.ஏ. ஆபத்து எண். இரண்டாவது கட்டுக்கு ஓட்டெடுப்பே போதும், வார்டு சிஸ்டர்களே செய்துகொள்வார்கள். மூன்றாவது கட்டுக்குக் கருவி எதுவும் வேண்டாம், கடிதம் எழுதித் தேதியோடு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: தேர்ந்தெடுத்ததை ஒரு வரியில் எழுதி, அளக்கத் தொடங்குங்கள்

என்ன, யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்ற நான்கும் குறிக்கோள் வரியில் இருக்கட்டும். பிறகு வாரம் ஒரு புள்ளியாக வரைபடத்தில் வைத்துக்கொண்டே வாருங்கள். நடுக்கோடாக இடைநிலை எண்ணை (எண்களை வரிசையாக அடுக்கினால் நடுவில் வருவதை) போட்டு, ஆறு புள்ளிகளாவது தொடர்ந்து ஒரே பக்கம் விழுந்தால் ஏதோ மாறியிருக்கிறது என்று நம்பலாம். ஒரு வாரம் குறைந்ததற்காக லட்டு வாங்க வேண்டாம். பெயர் மாறுதல் போன்ற அரிதான விஷயத்தில் மாதம் எத்தனை என்று எண்ணுவதைவிட, கடைசிச் சம்பவத்திலிருந்து எத்தனை நாள் ஆயிற்று என்று நர்ஸிங் ஸ்டேஷனில் எழுதிவைப்பது நன்றாக வேலை செய்கிறது. ஆனால் அந்தப் பலகையைப் பார்த்துப் பயந்து சம்பவத்தையே மறைத்துவிடும் வார்டும் உண்டு. நூறு நாளுக்கு மேல் ஏறினால் நான் சந்தோஷப்படுவதற்கு முன், லேப்புக்கு ஒரு நடை போய் நிராகரிப்பு ரெஜிஸ்டரைப் பார்த்துவிட்டு வருவேன்.

மூன்று மாதம் கழித்து அடுத்த முன்னுரிமைக் கூட்டம் போடும்போது பழைய சார்ட் பேப்பரையே சுவரில் ஒட்டுங்கள். உறைந்த மாதிரிகள் குறைந்திருந்தால் பாரெட்டோவின் முதல் கட்டம் இறங்கி வேறொன்று ஏறியிருக்கும். சென்றமுறை ஒரே ஒரு ஓட்டு வாங்கிய பிரச்சினைகளையும் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். எங்கள் பட்டியலில் அப்படி ஒற்றை ஓட்டோடு இருந்தது, பெண்கள் வார்டுக் கழிப்பறையின் உள்தாழ்ப்பாள். அந்த ஓட்டைப் போட்டது ஹவுஸ்கீப்பிங் அம்மா. இரண்டாம் கூட்டத்தில் அதற்கு ஒன்பது ஓட்டு விழுந்தது. அன்று மாலையே தச்சர் வந்துவிட்டார்.